விரத வாரத்தில் ஒரு பச்சோந்தி

புதன்கிழமை பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம். வேலையால் வந்து, ஈரக் குடையைக் குளியலறையில் விரித்து வைத்துவிட்டு, அடுத்த நேரச் சாமி விளக்கு ஏற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. பிறகு கூண்டைப் பார்த்தேன். கூண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சோந்தி கண்களை மூடியிருந்தது.

வெளிச்சம் இருக்கும்வரை பச்சோந்தி கண் மூடாது. ஒரு கண் முன்னே பார்க்க, மற்றது பின்னே பார்க்கும். பகலில் இரண்டையும் மூடினால் அதற்கு ஏதோ வருத்தம், உடம்பு சரியில்லை என்று மகள் எனக்குப் பல தடவை சொல்லியிருந்தாள். அது எப்போதும் இருக்கும் மேல் கிளையிலும் இல்லை. அடியில், தொட்டி மண்ணுக்குச் சற்று மேலே, ஒரு காய்ந்த தண்டைப் பிடித்தபடி இருந்தது. நிறம் பழுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நனைந்த சாம்பல் போல இருந்தது.

திங்கட்கிழமை காலையிலிருந்து அது ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

2006ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் அது. ஒஸ்லோவில், வெஸ்ட்லியில், ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அந்தக் கோடையில் என் கணவரின் தம்பி ஜெர்மனியிலிருந்து காரில் வந்தபோது, மகளுக்குப் பரிசாக ஒரு வலைப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் இருந்தது பிறந்து இரண்டு மாதமான ஒரு பச்சோந்திக் குஞ்சு. அங்கே கடையில் விற்கிறார்கள், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். அவர் திரும்பிப் போன பிறகுதான், ஊர்வன எதையும் வீட்டில் வளர்க்க நோர்வேயில் அனுமதி இல்லை என்பது எங்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் மகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். அந்தப் பெயரை இங்கே எழுத என்னால் முடியவில்லை.

"வீட்டுக் கதை வெளியிலை போகக் கூடாது," என்று கணவர் அவளிடம் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நெருங்கிய சினேகிதிக்கும் சொல்லாமல் இருந்தாள்.

குஞ்சு ஆரம்பத்திலிருந்தே சாப்பாட்டில் மோசம். நாக்கை நீட்டும், குறி தவறும். இரண்டு தரம் தவறினால் மூன்றாம் தரம் முயலாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மகள்தான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். சித்தப்பா தந்துவிட்டுப்போன சில்வண்டுகளை முட்டை அட்டைகள் போட்ட ஒரு பெட்டியில் வளர்த்தாள். சின்னதாக ஒன்றைப் பிடித்து, வெள்ளைச் சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டி, இடுக்கியால் தூக்கி, அதன் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். கை கடுக்கும்வரை நிற்பாள். காலையில் மூன்று, பள்ளியால் வந்து மூன்று. அப்படித்தான் அது வளர்ந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவளுடைய வகுப்பு முழுவதும் ஐந்து நாள் முகாமுக்கு மலைப்பக்கம் போனது. போகுமுன் இடுக்கியை என் கையில் தந்து, பிடிக்கும் தூரத்தைக் காட்டித் தந்தாள்.

"அம்மா, அவன் பாக்கேல்லை எண்டாலும் கையை எடுக்கக் கூடாது. பொறுத்துக்கொண்டு நிக்கவேணும். செய்வீங்களோ?"

"ஓம் பிள்ளை. நீ பயப்பிடாமல் போட்டு வா."

அன்று கந்தசஷ்டியின் முதல் நாள்.

எங்களுக்குக் கலியாணமாகி நாலு வருடம் பிள்ளை இல்லை. சஷ்டி விரதம் இருந்துதான் மகள் கிடைத்தாள். அப்படித்தான் நான் நம்பினேன். அதன்பின் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. அந்த ஆறு நாளும் வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை. மச்சம் சமைத்த சட்டிகள் பல்கனியில் இருக்கும். நான் பகல் முழுவதும் பட்டினி, பொழுதுபட்டபின் பாலும் பழமும். இப்படியிருக்க, தலைமுழுகி விளக்கு ஏற்றுகிற கையால் உயிருள்ள ஒன்றைப் பிடித்து இன்னொன்றின் வாய்க்குக் கொடுப்பது எப்படி? மகளுக்கு வாக்குக் கொடுத்தபோது இதை நான் யோசிக்கவேயில்லை. இடுக்கியோடு பெட்டிக்கு முன்னால் குந்தியபோதுதான் உறைத்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே அவை துள்ளின. மூடிவிட்டேன்.

ஊரில் நான் விலங்கியல் படிப்பித்தவள். குளிர்இரத்தப் பிராணிகளுக்குச் சாப்பாடு கொஞ்சம் போதும், பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். வளர்கிற குஞ்சின் கதை வேறு என்பதும் அதே பாடப்புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் நினைக்க விரும்பவில்லை.

சும்மாவும் விடவில்லை. தண்ணீர் தெளித்தேன். ஊறவைத்த கடலையை நசுக்கி வைத்தேன். வாழைப்பழத்தை விரல்நுனியில் எடுத்து நீட்டினேன். படைத்த மாம்பழத்துண்டை இலைமேல் வைத்தேன். கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, உம்மடை விரதத்திலை அதையும் சேர்த்தாச்சோ? இனி அதுவும் காவடி எடுக்கும் போலை."

"நீங்கள் குடுங்கோவன்."

"எனக்கு அந்தப் பூச்சியளைக் கண்டாலே அருவருப்பு. தெரியும்தானே? ஆறு நாளிலை ஒண்டும் ஆகாது."

அவரும் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை, கண் மூடியிருந்ததைப் பார்த்த பிறகு, வெந்நீரை ஆறவைத்துக் கொஞ்சம் குளுக்கோஸ் கரைத்து, மருந்து விடும் குழாயால் அதன் உதட்டில் ஒரு துளி விட்டேன். துளி வழிந்து போனது. ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. முகாமில் பிள்ளைகளை ஒரு தரம் வீட்டோடு கதைக்க விட்டிருந்தார்கள்.

"அம்மா! இஞ்சை ஒரே மழை. நான் வள்ளம் வலிச்சனான். அவன் சாப்பிட்டவனோ?"

"ஓம்."

"எத்தினை?"

நான் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாலு," என்றேன்.

"நாலோ! என்னட்டை ஒரு நேரத்துக்கு மூண்டுக்கு மேலை எடுக்கமாட்டான். அம்மா, நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரி."

பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அடுத்த பிள்ளைக்கு ரிசீவரைக் கொடுக்க வேண்டும் என்றாள். வைத்துவிட்டாள்.

வியாழன் காலை விரதத்தை விட்டேன். விளக்கு ஏற்றவில்லை. பெட்டியைத் திறந்து ஒன்றைப் பிடித்துத் தூளில் புரட்டி, மகள் காட்டிய தூரத்தில் நீட்டினேன். கண் திறக்கவில்லை. கிட்டே கொண்டுபோய் உதட்டில் முட்டவைத்தேன். வலது கண் மட்டும் ஊசிமுனை அளவு திறந்து மூடியது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. கையை எடுக்கக் கூடாது என்று அவள் சொன்னது நினைவில் இருந்ததால், வேலைக்குப் போகிற நேரம் தாண்டியும் நின்றேன். பூச்சி இடுக்கியிலேயே செத்துவிட்டது.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தேன். அன்று இடைவேளையில் அங்கிருந்த தொலைபேசியில் ஒரு மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். சினேகிதி ஒருவருடைய பச்சோந்தி என்றேன். குரலில் என் வயதுப் பெண் போல இருந்தது. எத்தனை மாதம் என்று கேட்டார். நாலு. கடைசியாக எப்போது சாப்பிட்டது? இது நாலாவது நாள் என்றேன். இன்றைக்கே கொண்டுவாருங்கள், இந்த வயதில் அதற்கு ஒவ்வொரு நாளும் உணவு வேண்டும் என்றார். பிறகு, இந்த நாட்டில் இதை வைத்திருக்க முடியாது என்பது உங்கள் சினேகிதிக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பதினைந்து வருடம் தள்ளிப்போட்டு அந்த வருடம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். கணவருக்கும் மகளுக்கும் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. விண்ணப்பம் அப்போது பொலிசின் பரிசீலனையில் இருந்தது. வைத்தியரைக் கூப்பிட்டதைப் பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"விசரே உமக்கு? பேர் குடுத்தனீரோ?"

"இல்லை."

"அப்ப விடும். ஒரு ஓணானுக்காக உம்மடை பேப்பரைக் கிழிக்கப் போறீரோ?"

"பிள்ளை நாளைக்கு வாறாள்."

அவர் கூண்டுக்குக் கிட்டே போய், தன் அருவருப்பை அடக்கிக்கொண்டு, ஒரு பூச்சியை விரலாலேயே பிடித்து நீட்டினார். அவரும் நெடுநேரம் நின்றார். அன்று போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். வைத்தியசாலை ஐந்து ஸ்டேஷன் தள்ளித்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அன்று பின்னேரம் முழுவதும் வீட்டில்தான் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் அது தண்டிலிருந்து விழுந்து மண்ணில் பக்கவாட்டாகக் கிடந்தது. வயிறு மட்டும் அசைந்தது. அதே இலக்கத்துக்கு அடித்து, என் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன். பச்சோந்தி என்னுடையது என்றேன். தூக்கிவரப் பயமாக இருக்கிறது, வழியிலேயே உயிர் போய்விடும் என்றேன். மதியத்துக்குப் பிறகு வருகிறேன் என்றார்.

இரண்டரைக்கு வந்தார். மழைச் சட்டையைக் கழற்றாமலே கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டார். உள்ளங்கையில் எடுத்து, சின்ன விளக்கால் வாயைப் பார்த்தார், விலாவைத் தடவினார். நான் கேட்ட முதல் கேள்வி, பொலிசுக்குச் சொல்வீர்களா என்பது. அது பிழைக்குமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"எழுதத்தான் வேண்டும். அது பிறகு," என்றார். "நோய் என்று ஒன்றும் தெரியவில்லை. இது பட்டினி. ஏன் கொடுக்கவில்லை?"

விரதத்தை நோர்வேஜிய மொழியில் சொல்ல முயன்றேன். கடவுள், ஆறு நாள், உயிர்களைக் கொல்லக் கூடாது. சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு யாரோ செய்த காரியம் போலக் கேட்டது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஊசி போட்டு நோகாமல் தூங்கவைப்பதுதான் இனிச் செய்யக்கூடியது என்றார். மகள் மூன்று மணிக்கு வருகிறாள், அதுவரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அது நல்லதல்ல என்றார். ஆனாலும் கதிரையில் உட்கார்ந்து, துவாய்க்குள் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கணவர்தான் பள்ளிக்குப் போய் மகளைக் கூட்டிவந்தார். லிப்டில் வரும்போது, அதற்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சேற்றுச் சப்பாத்தைக் கழற்றாமல், முதுகுப் பையோடு அவள் உள்ளே ஓடிவந்தாள். துவாயைப் பார்த்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

வைத்தியர் கதிரையிலிருந்தபடியே அவள் பக்கம் சாய்ந்து சொன்னார்: "உனக்காகத்தான் காத்திருந்தோம். இது மிகவும் பலவீனமாக இருக்கிறது, இனித் தேறாது. பல நாட்களாக இதற்கு உணவு கிடைக்கவில்லை."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் என் பக்கம் வந்து, ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நோர்வேஜிய மொழியில் கோபமாகப் பதில் சொன்னாள்:

"நீங்கள் பிழையாகச் சொல்கிறீர்கள். அம்மா அவனுக்குக் கொடுத்தவர்."