கப்பல்காரர் குனிந்து நடந்த தெரு

போன வருஷம் எங்கள் தெருவுக்குக் குடிவந்த எழிலரசனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கப்பல்காரர் என்றுதான் சொல்வோம். படவேட்டுப் பக்கம் கூலிக் குடும்பம். கடலையே பார்க்காமல் கடற்படைக்குப் போனவர். விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வேலை. வெள்ளைக்காரனிடம் கால் நூற்றாண்டு உழைத்துவிட்டு நம்மிடம் வந்த கப்பல் அது. இரண்டாம் தாரமாக வந்தாலும் முப்பது வருஷம் நம் வீட்டைக் காத்தவள். 2017-இல் அவளுக்கு ஓய்வு கொடுத்தபோது இவரும் ஊர் திரும்பி, ஆரணியில் ஒரு பேங்கில் வாட்ச்மேன் ஆனார். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பக்கம் என்றுதான் இந்தத் தெருவில் வீடு பிடித்தார்.

விடிந்ததும் மனிதர் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை குனிந்தபடியே நடப்பார். எதையோ பொறுக்கிப் பையில் போடுவார். கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்பார். கேட்டுவிட்டால் அப்புறம் வம்பு பேச விஷயம் ஏது? வாசல் மண்ணை எடுத்துச் செய்வினை வைக்கிறார் என்று தெருவே முடிவு கட்டியது. வீட்டுக்காரர் பச்சையப்பன், "பொங்கலுக்குள்ள காலி பண்ணிடுப்பா" என்றுவிட்டார். பரீட்சை நேரத்தில் பெண்ணை எங்கே கூட்டிப்போவது என்று எழிலரசன் மனைவி அகல்யா குழாயடியில் அழுதாள்.

மறுநாள் எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் தன் வாசலில் எழிலரசன் கையைக் கப்பென்று பிடித்துவிட்டார்.

"என்னாத்த எடுத்த? தொற கைய!"

திறந்தார். பாதி பிளேடு, ஒரு ஊக்கு, துருப்பிடித்த ஆணி.

"கப்பல்ல பிளேன் கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா தரையப் பாத்துகினே நடப்போம்மா. ஒரு ஸ்க்ரூ கெடந்தா போதும், இன்ஜின் இழுத்துக்கும், பைலட் உசுரே போயிடும். அந்தக் கப்பலயும் ஒடச்சிட்டாங்க. பழக்கம் வுடல. இங்க நீங்க பாவு போடுறதப் பாத்தேன். ஆணி மாட்டுனா பட்டு அறுந்துடுமே."

நெசவாளிகள் நாங்கள். தறிக்குப் போகும் நீள இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டித்தான் கஞ்சி போடுவோம். கொஞ்ச நாளாக இழை அறுவதே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"கேப்டனுமா குனிவாரு?" என்றார் அம்மாள்.

"அவரும்தாம்மா."

அடுத்த நாள் பாவு போடும் நாள். எழிலரசன் வெளியே வரவில்லை. அபிதகுசாம்பாள் போய்க் கதவைத் தட்டினார்.

"வாப்பா, ஜல்தி. வெயில் ஏறிடும்."

"சாமான் கட்டிகினு இருக்கேம்மா."

அம்மாள் திரும்பித் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "பச்சையப்பா! கேப்டனே குனிஞ்சாராம், நீ என்னா பெரிய இவனா? வா, வந்து குனி!"

எழிலரசனும் வெளியே வர, நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். பச்சையப்பன் தொந்தியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர முடியாமல் எழிலரசன் தோளைப் பற்றியவர், மூச்சு வாங்கச் சொன்னார்.

"மூட்டையப் பிரிச்சிடுப்பா. பொண்ணு படிக்கட்டும்."