என் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள்

எனக்கு வலிப்பு நோய் உண்டு. கண்டக்குழிக் கரையில் கருவாடு போட்டுப் பிழைக்கிறேன்.

ஒருநாள் கடலோரம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்த படகின் கயிறு அறுந்து, படகு என்னை நோக்கிச் சறுக்கியது. கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். சத்தம் கேட்டது; அது எனக்குத்தான் என்று பிரித்தறிய முடியவில்லை. தங்கை ஓடிவந்து தள்ளியிராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

"காது கேக்காட்டி வீட்டுல கிடக்கிறதுதானே!" என்று, நாங்கள் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் படகுச் சொந்தக்காரர் ஏசினார். இற்றுப்போன கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் மாமி என் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்.

கிளினிக் டொக்டர் முன்பே சொல்லியிருக்கிறார்: "காதுல பிழையில்ல. வலிப்பு உள்ள சிலருக்கு, பல சத்தத்துக்குள்ள ஒண்டுல கவனம் வைக்கிறது கஷ்டம்." அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

இப்போது கரையைப் பார்த்தபடிதான் மீன் கழுவுகிறேன். என்னைக் கூப்பிட ஒருவர் வந்து தோளைத் தொட்டால் போதும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

"ஒனக்காக ஊரே வாய மூடணுமா?" என்றார் படகுக்காரர்.

"வேணாம் நானா. புதுக் கயிறு வாங்குங்க" என்றேன்.

அவருக்குத்தான் காது கேட்கவில்லை.