தலைக்கு மேல் கடல்

இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வலது கண்ணில் சாண் நீளக் குழல் ஒன்றை வைத்து, காலை ஆறே கால் மணிக்கு சன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கிறார் கண்ணாடியம்மா. எதிர்க் கட்டடத்துக்காரர், தன் வீட்டைத்தான் இந்த அம்மாள் தினமும் வேவு பார்க்கிறார் என்று நினைத்து, அவசர அவசரமாகத் திரை வாங்கி மாட்டிவிட்டார். பாவம், அவர் வீட்டில் பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது? குழலின் நுனியில் இருப்பது மீன்தொட்டியிலிருந்து எடுத்த ஒரு சொட்டுத் தண்ணீர். அதில் உப்பு எவ்வளவு என்று அந்தக் கருவி காட்டும். முப்பத்தைந்து என்றால் அந்த வீட்டில் அடுப்பு பற்றும். முப்பத்தாறு என்றால் கணவருக்கு டீ தாமதமாகும்.

எங்கள் குடியிருப்பில் அவர் வீடு மூன்றாம் மாடி, என் வீடு இரண்டாம் மாடி. அவர் காலடியில் இருக்கிற தரைதான் என் கூரை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய கடலைப் பற்றி நான் எழுதும்போது கொஞ்சம் சுயநலமும் கலந்திருக்கும்.

கண்ணாடியம்மாவுக்கு வேலை, மூக்குக்கண்ணாடிக் கடையில். வில்லைகளை அளவு பார்த்து வெட்டி, சட்டத்தில் பொருத்துகிறவர் அவர்தான். ஆளைப் பார்த்தால் முகம் பார்க்கமாட்டார், மூக்கைத்தான் பார்ப்பார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் "ஒரு நிமிஷம்ணா" என்று என் கண்ணாடியை என்னைக் கேட்காமலே கழற்றி, காம்பை லேசாக வளைத்து, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். "எல்லாருக்கும் ஒரு காது மேல, ஒரு காது கீழதான். அது தெரியாம ஃபிரேம குத்தம் சொல்றாங்க" என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து நான் கண்ணாடி முன் நின்று என் காதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மைதான், வலது காது இறங்கியிருக்கிறது.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருட அனுபவம். எதிரே தொலைவில் வருகிற பேருந்தின் எண்ணை, அது எங்களுக்கெல்லாம் வெறும் புள்ளியாக இருக்கும்போதே சொல்லிவிடுவார். தூரத்துப் பார்வை அப்படி. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுதான் அவருக்குத் தெரியாது. அதை அவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். மனைவி பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த மூன்று படிக்கும் கண்ணாடிகள் மேசை இழுப்பறையில் சொகுசாகத் தூங்குகின்றன.

கூடத்து அலமாரியின் மேல் இருந்த தொட்டி நாற்பது லிட்டர்தான். அதற்குள் கொஞ்சம் பாறை, ஒரு சங்கு நண்டு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி. பெரிதாக இருப்பது பெண். பெயர் 'பெரியவ'. பாதி அளவில் அதன் பின்னாலேயே சுற்றுவது ஆண், 'சின்னவன்'. பெரியவள் முறைத்தால் சின்னவன் உடம்பெல்லாம் நடுங்கி ஒதுங்கிப்போகும். "எங்க வீட்டுச் சங்கதிய தொட்டியில போட்டுக் காட்டறாங்க சார்" என்பார் டிரைவர், மனைவி காதில் விழும்படியாகவே.

ஆனால் கண்ணாடியம்மாவின் உயிர் மீன்களிடம் இல்லை, பவளத்திடம் இருந்தது. கல் மாதிரி ஒரு காம்பு. அதன் உச்சியில் மெத்துமெத்தென்று பச்சை விரல்களாக ஒரு கொத்து. ஒவ்வொரு கொத்தையும் அவர் 'தலை' என்பார். நான்கு வருடங்களுக்கு முன் மீன்கடைக்காரர் குப்பையில் போட இருந்த ஒற்றைத் தலையை, அதுவும் பாதி உரிந்துபோனதை, கேட்டு வாங்கிவந்தார். அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்போது பதினொரு தலை. மீன்கள் இரண்டும் அதற்குள்தான் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் பதினொன்றும் விரிந்திருக்கிறதா என்று வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பதுபோல் எண்ணிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார்.

ஒரு நாள் தொட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். கடல்தண்ணீரில் நல்ல தண்ணீரா என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாண்ணா. உப்பு அங்கேயேதான் கிடக்கும். போன தண்ணிய மட்டும் திருப்பிக் குடுக்கணும்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடவில்லை. கடைசியில் சொன்னார்: "இதுங்க பெருசா ஒண்ணும் கேக்கலண்ணா. நேத்து எப்படி இருந்துச்சோ இன்னிக்கும் அப்படியே இருக்கணும், அவ்ளோதான்."

பதினொரு தலைகளும் கண்ணாடியில் இடிக்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய தொட்டி வந்தது. நூற்றறுபது லிட்டர். இரும்புக் கால்மேடை. நான் என் கூரையில் விரிசல் தேட ஆரம்பித்தேன். ஒரு மாதம் அதைச் சும்மாவே வைத்திருந்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் மடித்த ரப்பரைச் செருகி, மறுபடி பார்த்தார். அப்புறம்தான் தண்ணீர் தயாரிக்கத் தொடங்கினார். அறுபது லிட்டர் பீப்பாயில் நல்ல தண்ணீர் பிடித்து, தொட்டிக்கென்று விற்கிற கடலுப்பைக் கலந்து வைக்க வேண்டும். இந்த வாரம் ஒரு பீப்பாய், அடுத்த வாரம் ஒரு பீப்பாய், அதன் பிறகு நிதானமாகக் குடிமாற்றம். இதுதான் அவர் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது என் வழுக்கையில் விழுந்தது. குளியலறைக் குழாய்தான் ஒழுகுகிறது என்று எரிச்சலோடு தலையைத் தடவினேன். என்ன நினைத்தேனோ, விரலை நாக்கில் வைத்தேன். உப்பு. செருப்புக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன்.

பழைய தொட்டியின் அடிமூலையில் பசை விட்டுப்போய், தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியம்மா துண்டுகளைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வரைக்கும் தாங்காதுண்ணா. இன்னிக்கே மாத்தியாகணும்" என்றார். பீப்பாயில் ஒரு சொட்டு எடுத்துக் குழலை வெளிச்சத்தில் பிடித்தார். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை குழலை என்னிடம் நீட்டினார். எனக்கே தெரிந்தது: எழுபது.

"ஏங்க, இந்தத் தண்ணில நீங்க ஏதாச்சும் போட்டீங்களா?"

"நீதான எழுதி வெச்சிருந்த, உப்புப் போட்டாச்சான்னு," என்றார் வாளியோடு வந்த டிரைவர். "போடலியேன்னு நான் போட்டேன். நீ போடற மாதிரியே அளந்துதான் போட்டேன்."

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் கண்ணாடியம்மா. டிரைவர் அதை வாங்கித் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார். கண்ணாடியம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினார். அந்த அவசரத்திலும் இரண்டு காதையும் சரிபார்த்துத்தான் மாட்டினார். 'உப்புப் போட்டாச்சு' என்று எழுதியிருந்தது.

"'சா' இல்ல, 'சு'தான்," என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அங்கே தொட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது. இங்கே இருக்கிற தண்ணீரில் விட்டால் பதினொரு தலையும் ஒரே நாளில் கருகிப்போகும். டிரைவர்தான் திருதிருவென விழித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எழுபதுன்னா... இன்னும் அறுபது லிட்டர் வெறும் தண்ணி ஊத்தினா பாதியாயிடாதா?" கண்ணாடியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது பீப்பாய்க்கு வேண்டிய உப்பையும் அந்த மனிதர் தெரியாத்தனமாக முன்கூட்டியே போட்டுவைத்திருக்கிறார். தண்ணீர்தான் வேண்டும். அவர் வீட்டு வடிகட்டியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு குடம்கூடத் தராது.

அதனால் கட்டடம் முழுக்கக் கதவு தட்டினோம். கண்ணாடியம்மா மாடி முகப்பில் பேனா போன்ற ஒரு மீட்டரோடு நின்று, வருகிற குடிதண்ணீரையெல்லாம் சோதித்தார். தண்ணீரில் வேறு ஏதும் கலந்திருந்தால் அது எண்ணாகக் காட்டிக்கொடுத்துவிடும்; எண் குறையக் குறையத் தண்ணீர் சுத்தம். நான் பெருமையாக இரண்டு குடம் தூக்கிக்கொண்டு போனேன். நூற்றுத் தொண்ணூறு. "அண்ணா, இதத்தான் தினமும் குடிக்கிறீங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். நாலு பேர் எதிரில் என் மூக்கு உடைந்தது. கீழ்வீட்டு நர்சம்மாவின் தண்ணீர் நான்கு காட்டியது. அவர் இருப்பதை எல்லாம் கொடுத்துவிட்டார். மீதி அங்கே ஒரு குடம், இங்கே அரைக் குடமாகச் சேர்ந்தது.

எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் ஊற்றிக் கலக்கியபின், மூன்று மணிக்குக் குழல் முப்பத்தைந்து என்றது. பழைய தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர், பாறை, நண்டு, மீன் எல்லாம் குடிமாறின. கடைசியாகப் பவளத்தை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோய் வைத்தார். பதினொரு தலைகளும் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாகிவிட்டிருந்தன. பெரியவள் வந்து கல்லை முட்டி முட்டிப் பார்த்தது. படுக்க இடமில்லாமல் இரண்டும் மூலையில் போய் நின்றன. அதைப் பார்த்தபோது, என் கூரைக்கு மேல் நூற்றறுபது லிட்டர் நிற்கிறது என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை ஒரு தலையும் வெளியே வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஒவ்வொரு நடை முடிந்ததும் டிரைவர் வீட்டுக்கு போன் போட்டு "தல நீட்டிச்சா?" என்று கேட்பாராம். "இல்ல" என்று மட்டும் பதில் வருமாம். "என்ன ஒரு வார்த்த திட்டல சார். திட்டிட்டாக்கூட மனசு ஆறிடும்" என்று மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார். மனிதர் மூன்று நாளில் இளைத்தே போயிருந்தார். படிக்கும் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

புதன்கிழமை அலுவலகம் விட்டு நான் அவர் பேருந்தில்தான் ஏறினேன், முதல் இருக்கையில். புறப்படுமுன் அவர் மூன்று முறை போன் போட்டார். மணி அடித்தது, எடுப்பாரில்லை. "அஞ்சு மணிக்கே வீட்டுக்கு வந்திருப்பா சார். போச்சுன்னு சொல்ல மனசு வரல போல" என்று போனை அணைத்துப் பையில் போட்டார்.

எங்கள் தெரு நிறுத்தத்தில் வண்டி நின்றது. ஏறுகிறவர்களின் வரிசையில் அல்ல, வண்டியின் நேர் எதிரே, முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வீட்டுச் செருப்போடு கண்ணாடியம்மா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். ஓடிவந்திருக்கிறார். டிரைவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கண்ணாடியம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டு, ஒரே ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.