தோலைத் தொட்ட சாந்தகுமாரி

கோவிந்தப்பா வீட்டில் தோலால் செய்த சாமான் ஒன்றுகூடக் கிடையாது. அவர் பெல்ட் ரெக்ஸின், செருப்பு ரப்பர், கடிகாரத்துக்கு ஸ்டீல் பட்டை. பெங்களூர் டேனரி ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு வைராக்கியம். காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், தோல் பதனிடும் நாற்றம் கேட்காமலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். அவருடைய தாத்தாவும் அப்பாவும் தோல் ஊறும் குழிகளில் முழங்கால் வரை நின்றே வயதைத் தீர்த்தவர்கள். அவர் மட்டும் சின்ன வயதிலேயே ஓடிப்போய் லேத் பட்டறையில் சேர்ந்து, கடைசியில் பீன்யா தொழிற்பேட்டையில் ஃபிட்டராக நிலைத்தார். சுவரில் புத்தர் படம், அலமாரியில் யூனியன் மாநாட்டுக் கோப்பை, பிள்ளைகளுக்குப் படிப்பு. இந்த மூன்றும்தான் அவர் கட்டிய கோட்டை.

அந்தக் கோட்டையின் உச்சியில் அவர் ஏற்றி வைத்திருந்த கொடி, மகள் சாந்தகுமாரி. கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, ஒரு மியூசியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். 1995இல் அவளுக்கு இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. படிப்பின் பெயர் கன்சர்வேஷன். பழம்பொருள்களைக் கெடாமல் காப்பாற்றுகிற வித்தை என்று அவள் எத்தனை விளக்கினாலும், காட்டில் புலிகளைக் காப்பாற்றத்தான் போகிறாள் என்று சந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டு பவுலின் அக்கா, "புலி கிட்ட போவாத சாந்தா, தூரத்துலருந்தே காப்பாத்து" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கோவிந்தப்பாவோ பீன்யாவில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு பித்தளை, வெண்கலம் எல்லாம் சரி பண்ணப் போவுது. நம்ம லைனுதான், கொஞ்சம் மேல" என்று சொல்லித் திரிந்தார்.

சாந்தாவின் எண்ணமும் அதுதான். உலோகத்தைப் படிக்க வேண்டும், நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் கைவேலைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே, சூரியனுக்கு ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டும் போலிருந்த ஓர் ஊரில், முதல் வருடம் முழுக்க அந்த எண்ணத்தோடுதான் படித்தாள்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில், ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்து வருடம் முழுக்க அதில் வேலை செய்ய வேண்டும். பக்கத்து மியூசியத்துக் கிடங்கிலிருந்து வந்த பொருள்களை ஒரு நீள மேசையில் பரப்பியிருந்தார்கள். ஆசிரியை நோரா நல்ல மனுஷி. சாந்தாவுக்கென்றே ஒரு வெண்கல விளக்கைத் தள்ளி வைத்திருந்தாள். "இது உங்க ஊர்ப்பக்கத்து விளக்கு. நீதான் இதுக்குச் சரியான ஆள்" என்றாள். விளக்கின் சீட்டில், தென்னிந்தியக் கைவினையின் சிறந்த மாதிரி என்று எழுதியிருந்தது.

மேசைக் கோடியில் யாரும் சீண்டாத ஒன்று கிடந்தது. காய்ந்து, விறைத்து, மடிப்பெல்லாம் வெடித்து, தொட்டால் செம்பொடி உதிர்கிற ஒரு பெரிய தோல்பை. மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைத்த காலத்துக் கவலைப் பை. நூறு வருடம் முன்பு சேலத்துப் பக்கம் யாரோ ஒரு துரை வாங்கிக்கொண்டு வந்தது. அதைக் கண்டதும் சாந்தாவுக்கு முகம் சுட்டது. இங்கேயும் வந்துவிட்டாயா என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளதைச் சொன்னால், விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடத்தான் நினைத்தாள்.

பிறகு அதன் சீட்டைப் படித்தாள். வாங்கிய துரையின் பெயர் முழுசாக, பட்டத்தோடு இருந்தது. கீழே, செய்தவர் தெரியவில்லை. அதற்கும் கீழே, முரட்டு நாட்டுவேலை.

முரட்டு வேலையா? சாந்தா குனிந்து தையலைப் பார்த்தாள். தோல் வாரை வைத்து, உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, ஊசித்துளை ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி தைத்திருந்தான் அந்தப் பெயர் தெரியாத ஆள். ஒரு வயலையே நனைக்கும் தண்ணீரைச் சுமந்த பை. விளக்கு செய்தவன் கலைஞன், இவன் முரடனா? அவளுக்கு வந்த கோபம் இன்னதென்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. துரைமேல், சீட்டு எழுதியவன்மேல், ஒரு நிமிடம் முன்பு ஓடப் பார்த்த தன்மேல், எல்லார்மேலும் வந்தது.

"எனக்கு விளக்கு வேண்டாம். இதை எடுத்துக்கறேன்" என்றாள்.

"அது தேறாது சாந்தா. கிடங்கிலேயே அதைக் கழித்துவிடத்தான் பார்க்கிறார்கள். தேறவில்லையென்றால் உன் பட்டமும் தேறாது" என்றாள் நோரா.

"தேற வைக்கிறேன். இந்தச் சீட்டையும் மாத்த வைக்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பவுலின் அக்கா வீட்டு போனுக்குக் கூப்பிட்டு நைனாவை வரவழைத்தாள். மறைத்திருக்கலாம். உலோகம்தான் என்று ஒரு பொய் சொன்னால் பெங்களூரில் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சாந்தாவுக்கு மறைப்பது பிடிக்கவில்லை, சொல்லிவிட்டாள்.



"ரெண்டு தலைமுறை அதுல ஊறி, இப்பதான் கைய கழுவிகினு வெளிய வந்தோம்" என்றார் கோவிந்தப்பா. "நீ பிளேன் ஏறிப் போயி மறுபடியும் அதுலயே கைய வெக்கிறியா? வோணாம் சாந்தா. மாத்திக்க."

"மாத்திக்க மாட்டேன் நைனா."

"அப்ப எங்கிட்ட பேசாத."

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடும்போதெல்லாம் அம்மா தனக்கோடிதான் வந்து பேசினாள். நைனா எப்படி இருக்காரு என்று கேட்டால், இருக்காரு என்பாள். உயிரோடு இருக்கிற அப்பாவை இழக்கப்போகிறோமோ என்கிற பயம் சாந்தாவை விடவேயில்லை. நோராவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விளக்கு அன்றைக்கே கைக்கு வந்திருக்கும். சொல்லவில்லை.

காய்ந்த தோலைத் தண்ணீரில் போட்டால் கூழாகிவிடும். ஈரக் காற்றை மட்டும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுகிற பக்குவத்தில். சாந்தா அதற்கென ஒரு கூடாரம் கட்டி, வாரக்கணக்காகக் காத்திருந்து, மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உதிரும் பொடியை மருந்து பூசி நிறுத்தினாள். துணுக்கைச் சோதித்து, மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் என்று நிறுவினாள். வருடக் கடைசியில் அந்தப் பை தன் பழைய உருவத்தில் வாய் திறந்து நின்றது. தேர்வாளர்கள் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். சீட்டை மாற்றுவது மியூசியத்தின் உரிமை, மாணவர்களுக்கு அதில் பேச்சில்லை என்றார் ஒருவர். "அப்படியென்றால் என் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். முரட்டு வேலை என்று சொல்கிற சீட்டுக்குக் கீழே என் பெயர் வராது" என்றாள் சாந்தா. ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். நோராவும் கூடச் சேர்ந்து சண்டை போட்டாள். கடைசியில், தேர்ந்த தோல் தொழிலாளியின் வேலை, நீர் கசியாத இரட்டைத் தையல் என்று புதுச் சீட்டு எழுதினார்கள். பட்டமும் வந்தது.

1997இல் அவள் பெங்களூர் திரும்பியபோது ஏர்போர்ட்டுக்கு அம்மா மட்டும் வந்திருந்தாள். ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்ததும் டீ போட்டுக் கொடுத்தாள். புத்தம் புதிய டம்ளர், பளபளவென்று. வெளிநாட்டுக்காரிக்கு மரியாதையாக்கும் என்று சாந்தா சிரித்துக்கொண்டாள். குடித்து முடித்ததும் அம்மா அந்த டம்ளரை வெளிக்குழாயில் தனியாகக் கழுவினாள். மற்ற டம்ளர்கள் அலமாரியில் வரிசையாகக் கவிழ்ந்திருக்க, இதை மட்டும் ஜன்னலில் வைத்தாள். வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சாந்தாவுக்குப் புரிந்துவிட்டது. நைனா வரட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தாள்.

கோவிந்தப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். மகளைப் பார்த்தார், பார்க்காததுபோல உட்கார்ந்தார். அவருக்கு அலமாரியிலிருந்து ஒரு டம்ளரில் டீ வந்தது. அவளுக்கு ஜன்னல் டம்ளரில் வந்தது.

"இத ஜன்னல்ல வெச்சது யாரு?" என்றாள் சாந்தா.

அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"நாந்தான்" என்றார் கோவிந்தப்பா. ஒரு வருடத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் சொல் அது. "தோலத் தொட்ட கை. இந்த ஊட்டுல அதுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்குது."

"ஊருக்குப் போற வழியில ஒரு டீக்கடைல உனக்குன்னு தனி டம்ளர் குடுத்தான், நீ அத ரோட்டுல வீசிட்டு அடி வாங்கினேன்னு எத்தினி வாட்டி சொல்லிருக்க நைனா? நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். அவன் வெச்சதுக்கும் நீ வெச்சதுக்கும் இன்னா வித்தியாசம்? அது அவன் கடை, இது உன் ஊடு. அவ்ளோதானே?"

கோவிந்தப்பா குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன்ன அந்த வேலையில தள்ளினாங்க. நீ வெளிய வந்துட்ட, சரி. என்ன யாரும் தள்ளல. நானா எடுத்தேன். நம்மாளு வேலைய மட்டம்னு எழுதி வெச்சிருந்தாங்க, திருத்தி எழுத வெச்சிட்டு வந்திருக்கேன். அதுக்கு எனக்கு ஜன்னலா?"

கேட்டுவிட்டுக் கையை நீட்டி அவருடைய டம்ளரை எடுத்தாள். அவர் பாதி குடித்து வைத்திருந்த டீ. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். தனக்கோடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோவிந்தப்பாவின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஜன்னல் டம்ளரைப் பிடித்துத் தூக்கினார். வீசத்தான் போகிறார் என்று இரண்டு பெண்களும் நினைத்தார்கள். அப்படியே உதட்டில் வைத்து, அதிலிருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"தனக்கோடி" என்றார். "இதுலயே எனக்கு இன்னங்கொஞ்சம் ஊத்து."

சாந்தா அவருடைய டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மீதி டீயையும் குடித்தாள்.