குட்மேய்ஸில் ஒரு நிஸ்வா

போன கிழமை லண்டன் பிளேஸ்டோவில் ஒரு கடையில் பேரீச்சம்பழப் பெட்டி வாங்கினேன். மூடியில் ஓர் அரபுக் கோட்டை. பிறந்தநாள் கேக்கை வெட்டி நிறுத்தினது போல ஒரு சுவர், பக்கத்தில் ஓர் ஒட்டகம், அதன் முகத்தில் அடக்கமுடியாத சந்தோஷம். வரைந்தவர் கோட்டையையும் கண்டதில்லை, ஒட்டகத்தையும் கண்டதில்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் வந்த பாகு மணம் இருக்கிறதே, அதில் பொய்யில்லை. அது என்னை நேரே ஓமானில் கொண்டுபோய் விட்டது.

கட்டடக்கலை படித்து முடித்த கோடையில், கூடப் படித்தவர்கள் கடற்கரை தேடிப் போக, நான் மலிவு டிக்கெட்டில் நிஸ்வாக் கோட்டை பார்க்கப் போனேன். என் வாழ்க்கை எப்படிப் போகும் என்று நீங்கள் இதிலேயே விளங்கிக்கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஓர் இமாம் கட்டுவித்த வட்டக் கோபுரம் அது. நம்முடைய கோபுரம் போல அடுக்கடுக்காக மேலே போகாது. ராட்சத உரல் ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போலக் குந்தியிருக்கும். உள்ளே பாதி உயரத்துக்குக் கல்லும் மண்ணும் இட்டு நிரப்பியிருக்கிறார்கள், பீரங்கிக் குண்டு பட்டாலும் அசையாமலிருக்க. மேலே போக ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றுதான். அதுவும் நேரே போகாது. மடங்கும், ஒரு கதவு வரும், திரும்பவும் மடங்கும். கதவடியில் பலகையை எடுத்தால் குழி. தலைக்கு மேலே ஒரு துவாரம். ஏறிவருகிற எதிரியின் தலையில் கொதிக்கக் கொதிக்கப் பேரீச்சம்பாகு ஊற்ற. அந்தப் பாகுக்கென்றே கீழே ஓர் அறை. பழமூட்டைகளை அடுக்கிவிட்டால், பாரத்தில் தானே பிழிந்து தரை வாய்க்கால்களால் ஓடிவரும்.

இருட்டு மடக்குகளில் ஏறி ஏறி, கடைசித் திருப்பத்தில் வானம் முழுதாகத் திறந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த வெள்ளைக்காரர் என்மேல் மோதினார், பிறகு அவரும் நின்றார். அந்த நிற்பை லண்டனில் எங்காவது கட்டிவிடவேண்டும் என்று முடிவெடுத்துத் திரும்பினேன். கட்டக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபம்.

கடைகளுக்கு உள்வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. ஜெர்மனியில் பீட்சாக் கடை நடத்திவிட்டு வந்த ரவியண்ணை, குட்மேய்ஸில் பழைய கிடங்கொன்றை வாங்கி மண்டபமாக்க எங்களிடம் வந்தார்.

"பிள்ளை, முகப்பு அரபுக் கோட்டை மாதிரி வேணும். டுபாய் மாதிரி."

"டுபாயில கோட்டையை விட ஷொப்பிங் மோல்தான் கூட, அண்ணை."

"அப்ப மோல் மாதிரி ஒரு கோட்டை."

முகப்பை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன், வாசலை மட்டும் என் கையில் தாருங்கள் என்று கேட்டேன். நான் வரைந்த படத்தைப் பார்க்காமலே "ஓம், ஓம்" என்றார். நிஸ்வாவில் சுட்ட களிமண்ணை இடித்துச் சாந்தாக்கிப் பூசினார்கள். குட்மேய்ஸில் ரெஜிபோம், டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதை வெட்டி ஒட்டி மணல் நிறம் அடித்தார்கள். பாண் வெட்டுகிற கத்தியால் பிடிக்கக்கூடிய கோட்டை. சூடான கம்பி அதை அறுக்கும்போது வந்த நாற்றம் என் தலைமயிரில் ஒரு மாதம் இருந்தது. போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். உள்ளே என் வாசல் இருந்தது: மங்கல் வெளிச்சத்தில் ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, பிறகு சட்டென்று மண்டபம் முழுவதும். மேலே ஒரு துவாரமும் வைத்தேன். பாகு ஊற்ற அல்ல, பூத் தூவ.

முதல் கல்யாணத்துக்குப் பெண் பல்லக்கில் வந்தாள். பல்லக்கை யார் நினைத்தது? ஊரில் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் பல்லக்கில் போனதாகக் கேள்விப்படவில்லை. கீத்ரோ விமானநிலையத்தில் இறங்கிய பிறகுதான் எல்லோரும் அரச பரம்பரை ஆகிவிடுகிறார்கள். நீளத் தண்டு முதல் மடக்கில் உரசி, இரண்டாவதில் இறுகிவிட்டது. முன்னால் தண்டைத் தோளில் காவியவர்கள் ஒரு பக்கம், பின்னால் காவியவர்கள் இன்னொரு பக்கம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேளக்காரர் விஷயம் தெரியாமல் மண்டபத்துக்குள் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரடா உதைக் கட்டினது? மனிசர் போற பாதையோ இது?" என்றார் பெண்ணின் பெரியமாமா, தண்டுக்கும் சுவருக்கும் நடுவில் நசிந்தபடி. நான் பின்னால் நின்று கூரையைப் பார்த்தேன். மேலே துவாரத்தருகில் பூக்கூடையோடு காத்திருந்த ரவியண்ணையின் மனிசி, சனம் நின்றதைக் கண்டு, இதுதான் சமயமென்று முழுவதையும் மாமாவின் தலையில் கொட்டினா. இமாம் பார்த்திருந்தால் என்னைச் சம்பளத்துக்கு எடுத்திருப்பார்.

"அம்மா, நான் இறங்கி நடக்கிறன்," என்றது பல்லக்குக்குள்ளிருந்து.

"பேசாம இரு. வீடியோ போகுது."

பெண் பேசவில்லை, இறங்கினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியே கடைசி மடக்கைத் திரும்பினாள். நான் தண்டுக்குக் கீழால் குனிந்து போய் எட்டிப்பார்த்தேன். திரும்பியவள் நின்றாள். சும்மா நின்றாள், வாய் கொஞ்சம் திறந்தபடி. "சரியான வடிவு," என்றாள், ஒருவருக்குமல்ல.

தாய் பின்னாலேயே வந்தா. "உது வீடியோவில வரேல்லை. திரும்பப் போய் ஏறு."

ஏற்றினார்கள். பல்லக்கைப் பின்னுக்கு இழுத்து, வெளியால் சுற்றி, சமையலறைக் கதவால், சாம்பார் வாளிகளைத் தாண்டி ஊர்வலம் வந்தது. வீடியோவில் அந்த இடத்துக்கு மயிலாடும் காட்சி போட்டிருக்கிறார்களாம்.

அடுத்த கிழமை ரவியண்ணை கூப்பிட்டார். "பிள்ளை, கோட்டை வெளியில இருந்தாப் போதும். உள்ள சனம் வரவேணும்."

"சனம் வந்ததுதானே, அண்ணை?"

"பல்லக்கு வரேல்லையே."

ஒரு பின்னேரத்தில் என் மடக்குச் சுவர் இரண்டையும் இடித்து எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போதும் கல்யாணத்துக்குப் போகிறேன். கூப்பிட்டால் போகாமல் விட ஏலுமா? ரெஜிபோம் கோட்டை அப்படியே நிற்கிறது, ஆண்டுக்கொருமுறை புது மணல் நிறத்தோடு. கார் நிறுத்துகிற இடத்திலிருந்தே மேடை தெரிகிறது, மாப்பிள்ளை கொட்டாவி விடுவதுகூட. ஒருவரும் எங்கேயும் நிற்பதில்லை. நேரே உள்ளே போய் நாற்காலி பிடிக்கிறார்கள். அந்தப் பெண் இறங்கி நடந்துவந்து நின்ற இடம் கம்பளத்தில் எங்கே என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன். சுவர் இல்லாமல் திருப்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?