கடைசியாக இறங்கியவர்கள்

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு நான் வேன் ஓட்டுகிறேன். காலையில் ஊர் ஊராகப் போய் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொள்வேன். சாயங்காலம் அதே ஊர்களில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு என் ஊருக்குத் திரும்புவேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் கடை இருக்கிறது. என் ஆயுளில் பாதியைத் தின்ற சாராயக்கடை.

நான் குடித்தது கொஞ்சநஞ்சமல்ல. காலையில் கண் விழித்ததும் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். சாயங்காலம் குடிப்பது ஆசைக்கு, காலையில் குடிப்பது மருந்துக்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். என் மனைவி அழுது பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டவைத்தாள். அந்தக் கயிற்றை உருவிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு குடித்தேன். சட்டைப்பைக்குள் இருப்பது மாரியம்மனுக்குத் தெரியாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

வண்டியில் வருகிற பெண்களுக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். வாயில் பாக்கைப் போட்டு மென்றுவிட்டால் தீர்ந்தது என்பது என் எண்ணம். அவர்கள் என் வாயைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்திருக்கிறார்கள். பட்டாசு வேலை செய்கிறவர்கள் ஒரு ஆளிடம் முதலில் பார்ப்பது கையைத்தான்.

காலையில் கடைசியாக ஏறும் ஊரில் ஓர் அக்கா உண்டு. எனக்குச் சில வயது மூத்தவர், குழாய்க்குள் வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை. ஒருநாள் அவர் ஏறாமல் என் கதவுப் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு கையையும் நீட்டுங்க பாப்போம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நேரமாகுது, ஏறுங்கக்கா. ரேகையா பாக்கப் போறீக?"

"கை ஆடுறவகள எங்க ரூமுக்குள்ள விடமாட்டோம் தம்பி. ஒரு ஆளுக்கு ஆடுனா ரூம்ல உள்ள அம்புட்டுப் பேருக்கும் சேத்துத்தான் சங்கு. நீங்க வண்டி நெறைய ஆள வச்சு ஓட்டுறீக."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கம்பெனியைப் பார்த்து நடந்தார்கள். மத்தியானத்துக்குள் வேன் முதலாளியிடமிருந்து போன் வரும், பிழைப்பு போச்சு என்று காத்திருந்தேன். வரவில்லை. நடந்து வந்ததற்கு, வண்டி பஞ்சர் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் அக்கா லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். "அப்பிடிப் பட்டுன்னு நிறுத்துனா ஒடம்பு தாங்காது. வாங்க, டாக்டர்ட்டப் போவோம்" என்றார். அவரும் என் மனைவியும் சேர்ந்து என்னை விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அந்த வார்டில் நான் பட்டதை விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. இல்லாத எறும்பை நான் தட்டிவிட்டுக்கொண்டே இருக்க, நர்ஸம்மா சலிக்காமல் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: பொழுது சாயும் நேரத்தில் இவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கும் அக்கா வந்திருந்தார்.

திரும்பி வந்தபோது என் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய டிரைவர்தான் வேண்டும் என்று பெண்கள் வேன் முதலாளியிடம் பிடிவாதமாக நின்றார்கள். அவர் காரணம் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவுக மேல எங்களுக்குப் பாசமெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க ஊர்ல டவர் கெடையாது, தண்ணித் தொட்டிக்கு அடியில நின்னாத்தான் போன் அடிக்கும். இவுக வெலக்குலயே ஹாரன் அடிச்சிருவாக. புது ஆளு போனப் போட்டுப் பாத்துட்டு, எடுக்கலன்னு விட்டுட்டுப் போயிருதாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வண்டி கிடைத்தது.

அன்று சாயங்காலமே அக்கா ஒரு மாற்றம் சொன்னார். "எங்க ஊர்ல நிறுத்தாதீக. நானும் இந்தப் புள்ளையும் கடேசியா உங்க ஊர்லயே எறங்கிக்கிடுதோம்." இந்தப் புள்ளை என்றது அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணை. கம்பெனியிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது அவர்கள் ஊர். அதைத் தாண்டி, எல்லா ஊரும் சுற்றி, கடையைக் கடந்து என் வீட்டு வாசல் வரை வந்து இறங்குவார்கள். எப்படித் திரும்புவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு பைக்ல வருவாரு" என்றார். நானும் நம்பிவிட்டேன். நம்புவது வசதியாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு நன்றியை விட எரிச்சல்தான் அதிகம். விலக்கில் வண்டி மெதுவானால் போதும், அந்தச் சின்னப் பெண் "அண்ணே, பாட்டு ஒண்ணு போடுங்கண்ணே" என்பாள். நான் என்ன ஜெயில் கைதியா, இரண்டு போலீஸ் காவலுக்கு வர என்று மனைவியிடம் கத்தினேன்.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் ஒருநாள் வேன் முதலாளி கம்பெனி வாசலில் அத்தனை பேர் முன்னால், "எம்புட்டு நாளைக்குலே தாக்குப்பிடிப்ப? பந்தயம் கட்டுவமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வழியெல்லாம் தேவையில்லாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் அவர்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். மனைவி கொடுத்த டீ ஆறியது. டீசல் போட்டுவிட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்தேன். அவள் வாசல் வரை வந்து நின்றாள்.

ஊரிலிருந்து விலக்கு வரை நேர் ரோடு, இருபுறமும் கரிசல் காடு. லேசாக இருட்டத் தொடங்கியிருந்தது. லைட்டைப் போட்டேன். ரோட்டோரத்தில் தூரத்தில் ஏதோ மினுங்கியது. கிட்டே போகப்போக அது கைகள் என்று தெரிந்தது. முழங்கை வரை, பட்டாசு மருந்தில் சேரும் அலுமினியப் பொடி ஒட்டிய நான்கு கைகள், வெளிச்சம் பட்டு வெள்ளியாக மினுங்கிக்கொண்டு, நடைக்கு ஏற்ப ஆடின. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். அங்கிருந்து அவர்கள் ஊருக்கு ஒரு மணி நேர நடை. பைக்காவது, வீட்டுக்காரராவது. இத்தனை நாளும் நடந்தே போயிருக்கிறார்கள். பகலெல்லாம் மருந்தில் கிடந்து வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊர் வழியாகவே வண்டியில் வந்து, இறங்காமல், நான் கடையைத் தாண்டும்வரை கூட இருந்துவிட்டு, மறுபடியும் நடந்து.

சாமி கும்பிடுகிற இடத்தில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. பிரேக்கை மிதித்தேன்.

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "எங்களத்தேன் தேடி வந்தீகளா தம்பி? நல்லாயிருப்பீக. காலு கடுகடுங்குது." அந்தப் பெண் அதற்குள் ஏறிவிட்டாள். "இம்புட்டு நாளாச்சாண்ணே ஒங்களுக்கு வெளங்க?" என்றாள்.

நான் எங்கே கிளம்பினேன் என்று அவர்களுக்குத் தெரிந்ததா, தெரியாததுபோல் நடித்தார்களா, இன்றுவரை நான் கேட்டதில்லை. கடையைக் கடந்தோம். யாரும் பாட்டுக் கேட்கவில்லை. அவர்கள் ஊரில் இறங்கும்போது அக்கா, "வீடு சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்றார்.

திரும்பும்போது வண்டியில் நான் மட்டும். விலக்கு வந்தது. தாகம் எங்கும் போய்விடவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. ஐந்து நிமிஷம் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒரு மிஸ்டு கால் பாக்கி இருந்தது. குடித்த வாயோடு அந்த எண்ணை அழுத்த முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது என்று தோன்றியது. வாய்விட்டு அழுதுகொண்டே கடையைத் தாண்டினேன்.

வாசலில் வண்டியை நிறுத்தினேன். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முன்னாலேயே அக்காவின் எண்ணை அழுத்தினேன். ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை, அதற்குள் துண்டித்துவிட்டார்.

போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குள் இருந்திருந்தால் அந்த போன் அடித்திருக்காது. இன்னும் கைகூடக் கழுவாமல், உலையும் வைக்காமல், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

இப்போது தினமும் அவர்களை அவர்கள் ஊரிலேயே இறக்கிவிட்டுத்தான் வருகிறேன். வீடு சேர்ந்ததும் அழுத்துகிறேன். இன்றைக்கும் முதல் மணியிலேயே துண்டித்தார்.