கண்ணாடியில் தெரிகிற இடம்

வண்டி நின்று, நாற்காலிகளை எடுத்துப் போட்டு, ஆர்டித் காப்பிக்குத் தண்ணீர் வைப்பதற்குள் வெர்லின் ஸ்டட்ஸ்மன் இரண்டு முறை எழுந்துவிடுவார். முதல் முறை டயரை உதைத்துப் பார்க்க. இரண்டாவது முறை, அடுத்து எங்கே போகலாம் என்று மனைவி ஆர்டித்தைக் கேட்க.

"எஞ்சின் சூடே இன்னும் ஆறல, வெர்லின். உக்காரு."

உட்காருவார். ஆனால் கால் உட்காராது. எழுபது தாண்டிய ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா. அமெரிக்காவில், வடக்கு இந்தியானாவில் வீட்டு வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுவதும் அலமாரி பொருத்தியவர். ஊரெல்லாம் சுற்றுவதற்கு அடுத்தவனுக்கு வண்டி செய்துகொடுத்துவிட்டு, தான் ஒரே கூரையின் கீழ் நின்ற கடுப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றார்கள். இப்போது வண்டிதான் வீடு.

சாதாரண வண்டி அல்ல. பேருந்து நீளம். ஒரு பொத்தானை அமுக்கினால் பக்கச்சுவர் வெளியே நகர்ந்து கூடம் பெரிதாகும். கேக் சுடும் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், ஆர்டித்தின் தையல் மெஷின், வெர்லின் கால் நீட்டும் சாய்வு நாற்காலி. போதாததற்கு, கடைக்குப் போய்வர ஒரு கார் வேறு பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். முகாமில் வண்டியை நிறுத்தும்போது மட்டும் அதைத் தனியே கழற்றி ஓரம் கட்டுவார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் பார்ப்பதெல்லாம் அடுத்தவர் வண்டியை. முகாமுக்குள் ஐரோப்பிய பாணியில் ஒரு குட்டி வீட்டு வண்டி நுழைந்தால் போதும், காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய் நிற்பார். "ஒரு எட்டு உள்ள பாத்துக்கட்டுமா?" முகாம்களில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, கதவைத் திறந்து விடுவார்கள். கட்டிலில் படுத்துப் பார்ப்பார், இழுப்பறைகளை இழுத்துப் பார்ப்பார், கழிப்பறைக்குள் நின்று முழங்கை இடிக்கிறதா என்று சோதிப்பார். பிறகு திரும்பி வந்து பிரசங்கம் ஆரம்பிக்கும்.

"ஆர்டித், அது சாதா கார் நிக்கிற எடத்துல நிக்குது. நாம போக முடியாத மலைப்பாதை, சுரங்கம், எல்லாத்துலயும் போகுது. இவ்ளோ பெரிய ஃபிரிட்ஜ் நமக்கு எதுக்கு? ஹோட்டலா நடத்துறோம்?"

"ஐரோப்பால காலைல ஒரு நாடு, சாயங்காலம் ஒரு நாடு. ரொட்டிக் கடை வாசல்லயே வண்டிய நிறுத்திக்கலாம். நெவாடா பாலைவனத்துல கடை கண்ணுல படறதுக்குள்ள ரெண்டு வேளைப் பசி வந்துடும். அதுல தண்ணி எவ்ளோ பிடிக்கும்? மழை பெய்ஞ்சா நாள் பூரா நீயும் நானும் முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு உக்காரணுமா? நான் திரும்பணும்னா நீ கீழ எறங்கணும்."

"எறங்குறேன். எனக்கு எறங்கத்தான் புடிக்கும்."

அந்த வாதத்தில் பாதிதான் உண்மை. மீதியை வெர்லின் விழுங்கி வைத்திருந்தார். அவருடைய இடக்கண் கெட்டுக்கொண்டிருந்தது. சாலையின் மஞ்சள் கோடு நடுவில் நெளிய ஆரம்பித்தது. பிறகு நடுவே ஒரு சாம்பல் பொட்டு உட்கார்ந்துகொண்டது. மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, மனைவியிடம் "கண்ணாடி மாத்தணுமாம்" என்று மட்டும் சொன்னார். பெரிய வண்டியின் ஸ்டியரிங்கை ஆர்டித் தொட மாட்டார். "இது பஸ்ஸு, நான் பஸ் டிரைவர் இல்ல" என்பார். குட்டி வண்டி என்றால் அவரும் ஓட்டலாம். உண்மையைச் சொன்னாலோ, ஆர்டித் வண்டியை விற்றுவிட்டு மகன் வீட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியேற்றிவிடுவார் என்று வெர்லினுக்குப் பயம். எத்தனை நாள் பார்த்தாலும் ஜன்னலுக்கு வெளியே அதே மரம். நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டும்.

பெரிய வண்டிக்காரர்களுக்கு எந்த முகாமிலும் முதல் வேலை, பின்னோக்கி நிறுத்துவது. அக்கம்பக்கத்தார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் நின்று கை காட்ட, இருவரும் கத்திக்கொண்டால் கிளம்பும் வரைக்கும் அதுதான் முகாமின் சிரிப்பு. ஸ்டட்ஸ்மன் தம்பதி ஒரு நாளும் கத்தியதில்லை. ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பியோடு ஆர்டித் இடப்பக்கம் பின்னால் நிற்பார். வா என்றால் இரண்டு கையும் ஆடும். நில் என்றால் கைகள் தலைக்கு மேல் குறுக்காகும். "கண்ணாடில என்னைக் காணோம்னா நிறுத்திடு" என்பதுதான் அவர்களுடைய ஒரே சட்டம்.

போன செப்டம்பரில், மிச்சிகனில் ஏரிக்கரை முகாம் ஒன்றில், வெர்லின் பின்னோக்கி வந்தார். கண்ணாடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது. அவரும் வந்துகொண்டே இருந்தார். பலகை முறியும் சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கில் கால் போனது.

முகாமில் போட்டிருந்த மர உணவு மேசை வண்டிக்கு அடியில் கிடந்தது. ஆர்டித் அதற்கு அப்பால் புல்லில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை.

"குறுக்க கைய வச்சேன், வெர்லின். நீ வந்துட்டே இருந்த."

"தொப்பி தெரிஞ்சுதே... ஒன் தொப்பியப் பாத்துட்டேதான் வந்தேன்."

"நான் இன்னிக்குத் தொப்பியே போடல."

வெர்லின் திரும்பினார். பக்கத்து இடத்து மரத்தில் ஒரு ஆரஞ்சு நிறப் படகு சாத்தியிருந்தது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக நாற்காலியை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஆர்டித் அழவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. "கண்ணு போனா போவுது. நாடாவத் தூக்கிக்கிட்டு ஊர்ல உள்ளவன் கக்கூஸ் எல்லாம் அளந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? என்ன ஏத்திக் கொன்னுட்டு யாரோட ஊர் சுத்தப் போற?"

"சொன்னா... நீ நிறுத்திடுவியோன்னு நெனச்சேன். ஊர் சுத்தறதையே."

"ஒனக்கு மட்டும்தான் கால் அரிக்குதா? வீட்டை விக்கலாம்னு மொதல்ல சொன்னது யாரு? யோசிச்சுப் பாரு, கிழவா!"

யோசித்தார். உண்மைதான், ஆர்டித்தான். அவர் எழுந்து புல்லைத் தட்டிவிட்டு, வெர்லினின் சட்டைப் பையிலிருந்து நாடாவை உருவிக்கொண்டு நேரே நடந்தார். எதிர்வரிசையில் விஸ்கான்சின்காரி ஒருத்தியின் குட்டி வண்டி நின்றது. "ஒரு எட்டு உள்ள பாத்துக்கட்டுமா?" என்று ஆர்டித் கேட்பதை வெர்லின் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

பெரிய வண்டியை விற்று ஒரு குட்டி வண்டி வாங்கினார்கள். சாய்வு நாற்காலி மகன் வீட்டுக்குப் போனது. தையல் மெஷின் புது வண்டியின் கட்டிலுக்கு அடியில் ஒருவழியாக அடங்கிவிட்டது. மழை வந்தால் முட்டியோடு முட்டி இடித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். கழிவுப் பெட்டியைக் கையால் தூக்கிப்போய்க் கொட்டும்போதெல்லாம் வெர்லின் ஐரோப்பாவைத் திட்டுகிறார். நீண்ட நாள் தங்குபவர்களுக்கு இது சரிப்படாது என்று ஆர்டித் இப்போதும் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சாவியை எடுப்பார்.

இதில் பின்பக்கம் கேமரா இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு முன்னால் திரையில் புல் முதல் மரம் வரை எல்லாம் தெரியும். ஆள் நின்று கை காட்ட வேண்டிய தேவையே இல்லை. வெர்லினுக்கும் அது தெரியும். ஆனாலும் முகாமுக்குள் நுழைந்ததும் வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிறார். வெயிலோ குளிரோ, தலையில் ஆரஞ்சுத் தொப்பி. இடப்பக்கம் பின்னால் போய், கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கிறார். அக்கம்பக்கத்தார் நாற்காலியைத் திருப்புகிறார்கள். இந்தக் குட்டி வண்டிக்கு எதற்கு இந்த அமர்க்களம் என்று யாரோ சிரிக்கிறார்கள்.

இரண்டு கையையும் ஆட்டி வா, வா என்கிறார். ஒற்றைக் கண்ணுக்கு இப்போது தூரம் பிடிபடுவதில்லை. வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே இன்னொரு குட்டி வண்டி நிற்கலாம் போல இடம் இருக்கும்போதே கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டுவிடுகிறார்.

ஆர்டித் திரையைப் பார்ப்பதில்லை. கண்ணாடியைப் பார்த்து, அங்கேயே நிறுத்துகிறார்.